நூல் மாட்டிய இடம்

ஒரு தலைமுடியின் கனம் உங்கள் விரலுக்குத் தெரியுமா? மேசை மேல் ஒரு முடியைப் போட்டு, அதன் மேல் ஒரு தாளை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். சிலருக்குத் தெரியும். டைலரம்மாவுக்கு மூன்று தாளுக்கு அடியில் இருந்தாலும் தெரியும். அவர் கணவருக்கு, முடியை விடுங்கள், தீக்குச்சி கிடந்தாலும் தெரியாது. முப்பது வருஷமாகத் தகடு வெட்டி, மடக்கி, அடித்த கை அது. கட்டைவிரல் தோல் செருப்புத் தோல் மாதிரி இருக்கும்.

நான் அப்போது அவர்கள் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன்; அவர்களை அண்ணன், அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஊரை விட்டு வந்து ஆறாவது வருஷம். தெருக்கோடியில் இருந்த கருவிக் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. வீட்டின் முன்பக்கம் அண்ணனின் தகட்டுப் பட்டறை, அதற்கடுத்து அண்ணியின் தையல் அறை, பிறகு சமையலறை, கடைசியில் குளியலறை. நேராக ரயில் பெட்டி மாதிரிப் போகிற வீடு. பட்டறையில் சுத்தியல் விழுந்தால் சமையலறையில் டம்ளர் குலுங்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எனக்கு அங்கேதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பஸ் நகர்ந்துவிட்டது. விழுந்ததில் முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. தையல் மட்டும் நிற்கவில்லை. மெஷினின் மிதியை மேசை மேல் கொண்டுவந்து, முழங்கையால் அழுத்துகிற மாதிரி அண்ணன் மாற்றிக் கொடுத்திருந்தார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறை இருக்கைக்கு, திரும்பவும் அதே வழி. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அண்ணன்தான் தூக்குவார். போன மழைக்காலத்தில் அவருடைய முதுகு பிடித்துக்கொண்டது. குனிந்தவர் நிமிர முடியாமல் அரை மணி நேரம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரம்மாவும் நானும் சேர்ந்து தூக்கினோம்.

தூக்கும்போது அண்ணி கண்ணை மூடிக்கொள்வார்.

"வலிக்குதா அண்ணி?"

"வலிக்க என்ன இருக்கு. மூட்டை தூக்குறவங்க மூட்டைகிட்ட பேசமாட்டாங்க தம்பி. நீங்க எல்லாரும் என்கிட்ட பேசிக்கிட்டே தூக்குறீங்க. அதான் தாங்கல."

அண்ணியின் தம்பி ஒரு நாள் வந்தார். ரயிலில் பதினோரு மணி நேரம். வந்த அன்றைக்கே நானும் அந்தம்மாவும் தூக்குவதைப் பார்த்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்தவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. அக்காவை நான் கூட்டிட்டுப் போறேன். அங்க தூக்குறதுக்குன்னே ரெண்டு பொம்பளைங்க வச்சிடுறேன்."

"இங்க என்ன குறைச்சல் மச்சான்?"

"குறைச்சல்னு சொல்லல. மாடியில இருக்குற பையன் வேலைக்குப் போயிட்டா அக்கா என்ன செய்யும்? அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கா. எனக்குத் தெரியும்."

அண்ணி சாதத்தைப் பார்த்தபடியே சொன்னார். "நானா போயிட்டு வந்தா விட்டுடுவியா?"

"நீயா எப்படிக்கா போவே?"

"போயிட்டா?"

"மாசக் கடைசியில வர்றேன். நீயா பாத்ரூம் போயிட்டு வந்து காட்டு. அப்புறம் நான் வாயே திறக்கல."

பட்டறையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு பதினோரு மணி நேரம் போக முடியாது. அண்ணி போனால் தனியாகத்தான் போக வேண்டும் என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. 

நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவில் பாலம் மாதிரி போட்டு, கையை ஊன்றிச் சறுக்கிப் போக ஒரு பலகை உண்டு. ஏற்கெனவே ஒரு மரப்பலகை வாங்கிப் பார்த்திருந்தார்கள். குளியலறைத் தண்ணீர் பட்டு அது ஊதி, சிலாம்பு கிளம்பிவிட்டது. பிளாஸ்டிக் பலகை அந்தக் குளியலறைக் கதவுக்குள் திரும்பவில்லை. "நானே அடிக்கிறேன்" என்று அண்ணன் அலுமினியத் தகட்டை எடுத்தார். முதலில் இரண்டு மில்லி தகட்டில் செய்தார். அண்ணி ஒரு கையால் தூக்கப் பார்த்து, மணிக்கட்டு மடங்கிக் கீழே போட்டுவிட்டார்.

"இதைத் தூக்க ஒரு ஆள் வேணும்னா, அந்த ஆள் என்னையே தூக்கிடலாமே."

அதனால் ஒரு மில்லி தகடு. அது வளையாமல் இருக்க அடியில் இரண்டு பட்டை. பட்டையைப் பிடித்து வைக்கப் பன்னிரண்டு ரிவிட் ஆணி. வெல்டிங்கில் பற்ற வைத்தால் மெல்லிய தகடு நெளிந்துவிடுகிறது. பசை போட்டு ஒட்டினால் சுடுதண்ணீரில் விட்டுவிடுகிறது. ஆக ரிவிட்தான். ரிவிட்டின் தலை மேலே துருத்தினால் அண்ணியின் தோலைக் கிழிக்கும். கிழித்தால் அண்ணிக்குத் தெரியாது.

அண்ணன் கடைக்கு வந்தார்.

"தம்பி, ரிவிட் தலை மேல தெரியக்கூடாது. தகட்டோட தகடா இருக்கணும். என்ன டிரில் பிட் இருக்கு?"

"தலை எத்தனை டிகிரி அண்ணே?"

"தலைக்கு ஏதுடா டிகிரி? தலைன்னா தலை."

அவர் காலமெல்லாம் செய்தது புகைக்குழாயும் காற்றுக்குழாயும் கடைகளுக்கு மேல் போடுகிற பந்தல் தகடும். அதில் தலை தெரிந்தால் யாருக்கு என்ன. ஓட்டையின் வாயைப் புனல் மாதிரிச் சரித்துக் கொடுக்கிற பிட் ஒன்று இருக்கிறது, கவுண்டர்சிங்க் என்று பெயர், அந்தச் சரிவும் ரிவிட் தலையின் சரிவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் எடுத்துக் காட்டினேன். அவர் பிட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றிப் பார்த்தார்.

"எங்கிட்ட தடியா ஒரு டிரில் பிட் இருக்கே. அதை வச்சு வாயைச் சீவிட்டா ஆகாதா?"

"செஞ்சு பாருங்க அண்ணே."

செய்து பார்த்தார். மெல்லிய தகட்டில் தடித்த பிட் நிற்காமல் துள்ளியது. ஓட்டையின் வாய் வட்டமாக வராமல் கோணல் பூ மாதிரி வந்தது. மறுநாள் வந்து தொண்ணூறு டிகிரி பிட் ஒன்று வாங்கிப் போனார். அது சுத்தமாக வெட்டியது. ஆனால் அவரிடம் இருந்த ரிவிட் நூற்றிருபது டிகிரி. தட்டையான தலை, செங்குத்தான புனல். தலை வாயின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்து, சின்ன டம்ளரில் வைத்த பெரிய மூடி மாதிரி ஆடியது.

மூன்றாவது தடவை வந்தபோது நானே நூற்றிருபது டிகிரி பிட்டை எடுத்து வைத்தேன். ஒற்றை வெட்டு முனை. ஆகவே துள்ளாது. அதைச் சுற்றி ஒரு கூடு இருக்கும். கூட்டின் வளையத்தைத் திருகினால் பிட் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு திருகுக்கு ஒரு 'டிக்'. ஒரு டிக் என்றால் ஒரு முடிக்கும் குறைவு. அண்ணன் அதைக் காதருகே வைத்து டிக் டிக் என்று கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது. தகட்டின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தோண்டாதே என்று அதில் போட்டிருந்தது. நான் ரிவிட் தலையை அளந்து பார்த்தேன்.

"அண்ணே, உங்க தகடு பத்தாது. தலை முழுசா இறங்கணும்னா தகடு பூராவும் சீவிப் போயிடும். இதைத் தோண்டக்கூடாது. அச்சுல வச்சுக் குழியா அமுக்கணும்."

"அச்சு இருக்கா?"

"வரவழைக்கணும். அஞ்சு வாரம் ஆகும்."

"மாசக் கடைசிக்கு ஒம்பது நாள்தான் இருக்கு."

"இதைவிடச் சின்னத் தலை ரிவிட்?"

"பட்டையைப் பிடிக்காது. வெயிட் தாங்கணும்ல." கொஞ்ச நேரம் சீட்டைப் பார்த்தார். எழுத்தை அல்ல, அதிலிருந்த படத்தை. "பாத்துப் பாத்துத் தோண்டுறேன். குடு."

கொடுத்தேன். தகடு பத்தாது என்பதை நான் மறுபடி சொல்லவில்லை.

அச்சையும் அவர் விட்டுவிடவில்லை. ஒரு இரும்புத் துண்டைக் கடைந்து, தகட்டை அதில் வைத்து அமுக்கிப் பார்த்தார். குழி விழுந்தது. ஆனால் சுற்றியிருந்த தகடு கசங்கின துணி மாதிரி ஆகி, இரண்டு இடத்தில் விரிசலும் விட்டது. அதைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு வளையம் வைத்த பிட்டையே எடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடுமையான வெயில். பட்டறையின் தகரக் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. அண்ணி நாற்காலியில் வந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். மேசை மேல் பலகை. அண்ணன் தன் கட்டைவிரலால் ஒருமுறை இழுத்துப் பார்த்து, "கண்ணாடி" என்றார்.

"உங்க கைக்கு ரம்பமே கண்ணாடிதான். தள்ளுங்க."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு மோதிர விரலை மட்டும் வைத்தார். துணியின் இழையைப் பார்க்கிற விரல். மெதுவாக நகர்த்தினார்.

"ஒண்ணு சரி. ரெண்டு சரி. மூணாவது கொண்டை போட்டிருக்கு."

"கொண்டையா?"

"பூ வைக்கிற அளவுக்கு இல்ல. ஆனா கொண்டை." விரல் நகர்ந்தது. "ஏழாவதுக்கு மூக்கு இருக்கு. உங்க மூக்கு மாதிரி இடது பக்கம் சாய்ஞ்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை.

"ஒரு முடிதாம்மா இருக்கும். நீ தைச்சதை நான் இப்படித் தடவிப் பார்த்தா விடுவியா?"

"நான் தைச்சதை யாரும் தடவிப் பாக்கல. போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க."

"ஒரு முடிடீ."

"அந்த ஒரு முடிதாங்க எனக்குத் தெரியாது." அண்ணி கண்ணைத் திறந்தார். "கை சொல்லுறப்பவே கேட்டுக்கணும். கீழ போயிட்டா சொல்றதுக்கு ஆள் இல்ல."

அண்ணன் மூன்றாவதையும் ஏழாவதையும் பிடுங்கினார். வளையத்தை ஒரு டிக் திருகித் தோண்டினார். புது ரிவிட் வைத்து அடியிலிருந்து அடித்தார். அண்ணி தடவினார். "குறைஞ்சிருக்கு. போகல." மறுபடி பிடுங்கல், இன்னொரு டிக். "இன்னும் கொஞ்சம்." மூன்றாவது டிக்கில் பிட் எழுந்து வந்தபோது நான் குனிந்து பார்த்தேன். ஓட்டையின் வாயில் தகடே இல்லை. இருந்தது ஒரு கோடு, பிளேடு முனை மாதிரி, வெயிலில் மின்னியது. நிமிர்ந்தேன். அண்ணனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் ரிவிட்டை எடுத்து வைத்தார்.

அண்ணியின் விரல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிற்காமல் போயிற்று. திரும்பி வந்தது.

"இப்ப இல்ல."

"எது இல்ல? கொண்டையா?"

"ரிவிட்டே இல்ல."

அன்றைக்கே போனார். நாற்காலியைக் குளியலறைக்குள் தானே உருட்டிக்கொண்டு போய், மடியிலிருந்த பலகையை ஒரு கையால் எடுத்துப் போட்டு, மூச்சை இழுத்துக் கையை ஊன்றி, சறுக்கினார். நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம்.

"ரெண்டு பேரும் போறீங்களா?"

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் கிறீச்சென்றது. பாதியில் நின்று, மறுபடி கிறீச்சென்று, விழுந்தது. இரண்டு வருஷமாக யாரும் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டதில்லை. அண்ணன் என்னைப் பார்த்து, "எண்ணெய் விடணும்" என்றார். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தார். டீ போட்டார். டீ ஆறியது. அரை மணி நேரம் ஆயிற்று.

"உள்ள என்ன பண்றே?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்ப வா."

"சும்மா உக்காந்திருக்கேன். நீங்க டீயைக் குடிங்க."

மச்சானுக்கு அண்ணனே போன் செய்தார். "உங்க அக்கா தாழ்ப்பாள் போட்டுக்குறா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, போனைக் காதில் வைத்தபடியே கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் போயிற்று. அண்ணி யாரையும் கூப்பிடவில்லை. தையல் அறையில் மெஷின் ஓடும், நிற்கும், சக்கரம் உருளும், தாழ்ப்பாள் விழும். மேலே என் அறையில் படுத்துக்கொண்டு கேட்பேன். அண்ணன் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டிருந்தார். "சத்தம் வரலைன்னா போட்ட மாதிரியே இல்ல" என்று அண்ணி திட்டினார்.

மாசக் கடைசியில் அண்ணியின் தம்பி வந்து இறங்கினார். அன்றைக்கு மத்தியானமே வழக்கமாக வருகிற நர்ஸம்மாவும் வந்தார். அவர் வாராவாரம் வந்து பார்க்கிறவர், போன வாரம் லீவில் இருந்தார். அண்ணி தம்பியிடம், "இரு, இந்தம்மா போகட்டும், நான் போயிட்டு வந்து காட்டுறேன்" என்றார். உற்சாகமாக இருந்தார். கொஞ்சம் காய்ச்சல் மாதிரி இருக்கிறது, வெயில்தான் என்றும் சொன்னார்.

நர்ஸம்மா அறைக் கதவைச் சாத்தினார். ஐந்து நிமிஷத்தில் திறந்தார்.

"சார், இங்க வாங்க."

அண்ணன் உள்ளே போனார். நாங்கள் வெளியே நின்றோம். குரல் மட்டும் கேட்டது.

"இது என்ன?"

"என்ன?"

"தொடைக்குப் பின்னால ரெண்டு இடத்துல, பிறை மாதிரி. ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வெட்டியிருக்கு. ஒண்ணு ஆழமாப் போயிருக்கு, பாருங்க, சீழ் வச்சிருக்கு. எதுல உக்காருறாங்க?"

பலகைத் தகடு தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

"இனிமே உக்காரவே கூடாது. ஆறு வாரம் குப்புறவோ ஒருக்களிச்சோதான் படுக்கணும். ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். யார் புரட்டுவா?"

"நான்."

"உங்க முதுகையும் நான்தான் சார் பார்த்தேன்."

அப்போது அண்ணியின் குரல் வந்தது. தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"பலகை இல்லைங்க. நான் தடவிப் பார்த்தேனே. வேற ஏதோ."

அண்ணன் பலகையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். மேசை மேல் போட்டுக் கட்டைவிரலால் இழுத்தார். எனக்குப் போதும் என்று தோன்றவில்லை, நானும் தடவினேன். வழவழவென்று இருந்தது. உள்ளேயிருந்து அண்ணி என்னைக் கூப்பிட்டார். போனேன். குப்புறப் படுத்தபடியே மெஷின் மேசையைக் கையால் காட்டினார்.

"சிவப்புப் பட்டு நூல் இருக்கு தம்பி. எடுத்துட்டுப் போங்க. விரலை விட நூலுக்குத் தெரியும்."

நூலின் இரண்டு முனையையும் பிடித்துப் பலகை மேல் இழுத்தேன். பன்னிரண்டு ரிவிட்டையும் தாண்டி வந்தது. எங்கேயும் நிற்கவில்லை. தம்பி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அக்கா உக்காருறப்போ இது இப்படியா மேசை மேல கிடக்கும்?" என்றார். குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை, தெரியாமல்தான் கேட்டார்.

அண்ணன் இரண்டு ஸ்டூலைத் தள்ளி வைத்து, பலகையைப் பாலமாகப் போட்டு, அதன் நடுவில் உட்கார்ந்தார். பலகை லேசாக வளைந்தது. "இழு" என்றார். அவர் தொடையோரமாக நூலை இழுத்தேன். இரண்டாவதைத் தாண்டியது. மூன்றாவதில் மாட்டியது.

குனிந்து பார்த்தேன். வளையும்போது தகடு ரிவிட் தலையை விட்டு ஒரு பக்கம் எழும்பியிருந்தது. பிளேடு மாதிரி இருந்த அந்த விளிம்புதான். நூல் அதற்கடியில் நுழைந்து அறுந்தது; வேறு இழை எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் எழுந்தார். பலகை நிமிர்ந்தது, விளிம்பு படுத்துக்கொண்டது. "இப்ப இழு." நூல் தாண்டியது. உட்கார்ந்தார். மாட்டியது. எழுந்தார். தாண்டியது. முதுகைப் பிடித்துக்கொண்டு அவர் எழுவதும் உட்காருவதுமாக ஐந்தாறு தடவை ஆயிற்று. ஏழாவதிலும் அதேதான்.

"போதும் அண்ணே."

"இரு. இன்னொரு தடவை."

"மாமா, விடுங்க." தம்பி வந்து அவர் தோளைப் பிடித்தார். "நான் சொன்னது நடந்துடுச்சுன்னு நினைக்காதீங்க. சத்தியமா இல்ல."

"அச்சு வந்துடும் மச்சான். இந்தப் பையன் எழுதிப் போட்டிருக்கான். அஞ்சு வாரம்."

நான் எழுதிப் போடவில்லை. அவர் நாள் இல்லை என்றதும் விட்டுவிட்டேன். அதை அப்போது சொல்லவில்லை.

"ஆறு வாரம் அக்கா உக்காரவே கூடாது மாமா. புரட்டுறதுக்கு ஆள் வேணும். அச்சை வச்சு என்ன செய்வீங்க?"

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி உள்ளேயிருந்து கேட்டார்.

"மாட்டுச்சா தம்பி?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டுச்சு அண்ணி."

"எத்தனாவது?"

"மூணாவது. அப்புறம் ஏழாவது."

 மெஷின் மேல் மாட்டியிருந்த சின்ன மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அது ரெண்டையும் நான்தானே திரும்பத் தோண்டச் சொன்னேன்" என்றார் அண்ணி.

 அண்ணன் எழுந்து உள்ளே போனார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அண்ணியின் முதுகில் கையை வைத்தார். உணர்வு நின்றுபோன இடத்துக்கு மேலே, தோள்பட்டைக்குக் கீழே. "உங்க கை சொரசொரன்னு இருக்கு" என்று அண்ணி சொல்வது கேட்டது. நான் சிவப்பு நூலைச் சுருட்டி மெஷின் மேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு, தம்பியின் ஊருக்குப் போக வண்டி வந்தது. அண்ணியைக் குப்புறப் படுத்தபடியே தம்பியும் வண்டிக்காரரும் நானும் தூக்கினோம். அண்ணன் போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டு கூட வந்தார். யாரும் பேசவில்லை.